அருவிக்கு மேலே துரத்தப்பட்டவள்

என் அக்காவுக்கு மன்னிக்கத் தெரியாது. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இதைத்தான் முதலில் எழுத வேண்டியிருக்கிறது. மற்றபடி நல்ல குணமெல்லாம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஆனால் ஒருவர் மேல் மனம் கசந்துவிட்டால் கசந்ததுதான்.

அவள் மீன் பிடிப்பவள். சமைக்கிற மீன் இல்லை. வீடுகளில் கண்ணாடித் தொட்டியில் விட்டு வேடிக்கை பார்க்கிறார்களே, அந்தச் சின்ன மீன். அத்தானும் அவளும் சேர்ந்து தொடங்கிய தொழில். முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் குனிந்து நின்று, ஒரு கையால் கல்லைப் புரட்டி, மறு கையால் கைவலையை நீட்டிப் பிடிப்பார்கள். பிடித்ததைப் பாலிதீன் பையில் கொஞ்சம் தண்ணீரும் மிச்சம் ஆக்சிஜனுமாக அடைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, மொத்த வியாபாரியிடம் கொடுப்பார்கள். அவர் கடல் தாண்டி அனுப்புவார்.

ஓடைக்கு நடுவில் ஓர் அருவி இருக்கிறது. மாடி வீட்டு உயரம்தான். அருவி விழுகிற கீழ்மடுவிலிருந்து ஆறு வரைக்கும் விதவிதமாக மீன் கிடைக்கும். கோடு போட்டது, புள்ளி வைத்தது, மீசை உள்ளது, உடம்புக்குள் முள் தெரிகிறது என்று சொல்லி மாளாது. அருவிக்கு மேலே ஏறினால் நாலே வகை. நாலும் மண் நிறம்.

"ஏன்க்கா, ஒரே ஓடைதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அருவி ஏற மீனுக்குக் காலா இருக்கு? பாறையைக் கவ்விக்கிட்டு ஏறத் தெரிஞ்சது மட்டும் மேல வந்து சேர்ந்துச்சு. மேல தண்ணி சில்லுனு இருக்கு, ஓடையும் குறுகலு, தீனியும் இல்ல. கீழ பாரு, வெதுவெதுன்னு தண்ணி, ஒளிஞ்சுக்க ஆயிரம் சந்து, பெரிய ஆத்தோட வேற சேர்ந்து கிடக்கு. பஸ் ஸ்டாண்டும் முட்டுச்சந்தும் ஒண்ணாகுமாடி?"

மீன் எடுக்க வந்திருந்த மொத்த வியாபாரி அதைக் கேட்டுச் சிரித்தார். "உலகமே இப்படித்தாம்மா. வெயில் நாட்டுல ஒரு ஆத்துல இருக்கற வகை, குளிர் நாட்டுல நாடு பூரா தேடினாலும் தேறாது. அங்க ஒரு காலத்துல ஆறெல்லாம் பனிக்கட்டிக்கு அடியில கிடந்துச்சாம். உருகின பிறகு திரும்பிப் போன மீனு கொஞ்சம்தான். இல்லாட்டி நம்ம மீனை அவன் ஏன் வாங்கப் போறான்?"

"அப்போ அவங்க ஊர் குளிருதான் நமக்குச் சோறு போடுது!" என்றாள் அக்கா. அத்தான் அன்றைக்கு முழுதும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அத்தான் காய்ச்சலில் போனார். துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவது நிற்கும் முன்பே, அவருடைய தம்பி, அக்காவின் கொழுந்தன், மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போய், அருவிக்குக் கீழே மீன் பிடிக்கிற அனுமதி முழுவதையும் தன் பேருக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டான். அத்தான் நடத்திய மீன் கடையும் அவன் கைக்குப் போனது. அக்கா கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அவன் ஆட்கள் சுற்றிலும் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கீழ எல்லாம் என் பேர்ல இருக்கு அண்ணி. மேல யாரும் கேக்க மாட்டாங்க, நீங்க அங்க போய்ப் பிடிச்சுக்குங்க. நாலு வகை இருக்கில்ல? ஒரு வயித்துக்கு நாலு வகை போதாதா?"

ஆட்கள் சிரித்தார்கள். அக்கா அழவில்லை. ஒவ்வொருவர் முகத்தையும் நின்று பார்த்தாள்.

"தம்பி, நீ என் வாசல்ல வந்து நிப்ப. நான் உக்காந்திருப்பேன்."

அதன் பிறகு காலையில் நான் பிரார்த்தனை சொல்கிற நேரத்தில் அக்கா அந்தச் சிரிப்பை நினைத்துக்கொள்வாள். பாத்திரம் துலக்கும்போது அவள் உதடு அசைவதைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். மேல் ஓடையின் சில்லிட்ட தண்ணீரில் நின்று நின்று அவளுக்குக் கால் மரத்துப்போகும். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். "இதுவும் அவன் தலையில ஏறட்டும்" என்பாள்.

எங்கள் பக்கத்து மீன்காரர்களுக்கு ஒரு வழக்கம். விற்காமல் மிஞ்சிய மீனைக் கொல்ல மாட்டார்கள். உயிராயிற்றே என்று பக்கத்தில் எந்தத் தண்ணீர் இருக்கிறதோ அதில் விட்டுவிட்டுக் கும்பிட்டுப் போவார்கள். புண்ணியம் என்று நானும் நினைத்திருந்தேன். அக்கா மட்டும் எங்கே பிடித்தாளோ அங்கேயே நடந்து போய் விடுவாள். "பொண்ணைப் பொறந்த வீட்டுல கொண்டு விடற மாதிரி போறா பாரு" என்று அத்தான் கேலி செய்வார்.

கொழுந்தன் ஒரு வெளிநாட்டு மீனை வாங்கிச் சிமெண்ட் தொட்டியில் பெருக்கினான். நீலமும் சிவப்புமாக, பார்க்க அத்தனை அழகு. குஞ்சுகளுக்கு ஆபத்து என்றால் வாய்க்குள் எடுத்து வைத்துக் காக்கும். மொத்த வியாபாரி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எல்லா நாட்டிலும் மலிந்து கிடக்கிறதாம். கொழுந்தன் வாளி வாளியாகத் தூக்கிவந்து கீழ்மடுவில் கொட்டினான். கொட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டான். அருவிக்கு மேலே பாறையில் நின்று அக்காவும் நானும் பார்த்தோம்.

"அக்கா, போய்ச் சொல்லலாம். ஒரே மடுவுலதானே இருக்கு. இப்பவே வலை போட்டா அள்ளிடலாம்."

"யார்கிட்ட சொல்லணும்?"

"அவன்கிட்டதான்."

"அவனுக்கு வலை பிடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். அதுக்குக் கிடைச்ச மரியாதை போதும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த நீல மீனோட சொந்த ஆத்துல அதைத் திங்கப் பெருசு பெருசா மீனு இருக்கும், அடக்கி வைக்கும். இங்க அதுக்கு மாமியாரும் இல்ல, நாத்தனாரும் இல்ல. மத்த மீனோட முட்டையெல்லாம் தின்னு தீர்த்துட்டுத்தான் நிக்கும்."

"ஆண்டவன் பாத்துக்கிட்டிருக்கான்க்கா."

"பாக்கட்டும். நானும் பாக்கத்தான் போறேன்."

பழி வாங்குவது நம் வேலை இல்லை, அது ஆண்டவனுடையது என்று நான் நம்புகிறேன். அக்காவுக்கு அவ்வளவு காத்திருக்கப் பொறுமை இல்லை.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. கொழுந்தன் கடையில் இருக்கிற மதிய நேரத்தில் கீழே இறங்கி, ஒவ்வொரு வகையிலும் சில ஜோடி பிடித்துவந்தாள். கொல்லையில் பழைய தண்ணீர்த் தொட்டி, உடைந்த குளியல் தொட்டி, கழுவிய டிரம் எல்லாவற்றிலும் வகை பிரித்து விட்டாள். காற்று மோட்டார் சத்தத்தில் எங்கள் வீட்டில் பேச்சே கேட்காது.

"இத்தனைய வச்சுக்கிட்டு ஏன் அல்லாடற? மேல் ஓடையில விட்டுடேன்" என்றேன்.

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "மேல இருக்கற நாலும் இந்த ஓடையைத் தவிர வேற எங்கயும் கிடையாது. மத்த மீனை அண்டவிடாம அருவி காத்து வச்சிருக்கு. அதுல கொண்டு போய் இதைக் கொட்டவா? அப்புறம் அவனுக்கும் எனக்கும் என்னடி வித்தியாசம்?"

ஒரே ஒரு வகை மட்டும் தொட்டியில் நிலைக்கவில்லை. நூல் மாதிரி உடம்பு, சிவந்த வால். அருவி விழுகிற பாறைக்கு அடியில் மட்டும் இருக்கும். அத்தான்தான் முதலில் அதைக் கண்டுபிடித்தவர். அக்கா மணலை மாற்றிப் பார்த்தாள், மேலிருந்து தண்ணீர் சொட்டவிட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வயிற்றை மேலே காட்டி மிதந்தது. கீழ்மடுவில் அதற்குள் நீல மீன் பெருகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால்கூட மடுவில் அந்தச் சிவந்த வால் மீன் பிழைத்திருக்கும். செத்ததை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்கா வெகுநேரம் நின்றாள். இப்போது போய்ச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"இதுவும் அவன் தலையில" என்றாள்.

"இது உன் தலையிலக்கா."

அந்த வாரம் முழுதும் என்னோடு பேசவில்லை. கீழ்மடுவுக்கும் போகவில்லை.

அடுத்த மழைக்காலம் வந்து போயிற்று. அருவிக்குக் கீழே வலை போட்டால் எங்கே போட்டாலும் நீலமும் சிவப்புமாக ஒரே மீன். கோடு போட்டதும் இல்லை, மீசை உள்ளதும் இல்லை. மொத்த வியாபாரி கொழுந்தன் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டு எங்கள் கொல்லைக்கு வர ஆரம்பித்தார். அவனுடைய ஆட்கள் ஒவ்வொருவராக வேறு வேலை பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஒரு நாள் காலையில் அவன் வந்து வாசலில் நின்றான். அக்கா உள்ளே போய் நாற்காலியை எடுத்துவந்து போட்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.

"அண்ணி… தெரியாம நடந்துபோச்சு."

"எது? வாளியில கொண்டாந்து கொட்டினதா?"

அவன் முகம் வெளிறியது. "பாத்தீங்களா? பாத்துட்டுமா சொல்லல?"

"உன் மடு. உன் பேரு. நான் யாரு சொல்ல?"

அவன் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தான். தொட்டிகளில் அவன் இழந்ததெல்லாம் நீந்திக்கொண்டிருந்தது. "மடு சுத்தமாச்சுன்னா இதுல கொஞ்சம் திரும்ப விடலாமில்ல அண்ணி?"

"விடலாம். முதல்ல அனுமதியை என் பேருக்கு மாத்திக் குடு. அப்புறம் நீ இறங்கிச் சுத்தம் பண்ணு."

"ஆள் வச்சு…"

"ஆள் வச்சா ஒரு குஞ்சு கிடையாது. நீ இறங்கணும். வலை பிடிக்கறதை மறந்திருந்தா நான் கரையில இருந்து சொல்லித் தர்றேன்."

கொடுத்தான். வேறு வழியில்லை. அந்த வாரமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்மடுவில் இறங்கினான். அன்றைக்குச் சிரித்தவர்களில் இரண்டு பேரை அக்காவே கூப்பிட்டுவந்து கரையில் உட்காரவைத்திருந்தாள். அவர்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் பிடிக்கப் பிடிக்க வாளி நிரம்பியது. ஆனால் வலை நெருங்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு தாய் மீன் குஞ்சுகளை வாய்க்குள் வாரிக்கொண்டு பாறை இடுக்கில் நுழைந்துவிடும். நான் அக்காவின் காதருகே குனிந்தேன்.

"இது என்னிக்குக்கா தீரும்?"

"தீராது. கீழ ஆறு வரைக்கும் போயிடுச்சு."

"அவனுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியணும்?"

இரண்டு பேருக்காகவும் மனதுக்குள் பிரார்த்தனை சொன்னேன். அத்தான் போனதற்கு அப்புறம் அக்காவின் முகத்தில் அப்படியொரு தெளிவை நான் பார்த்ததில்லை. கொழுந்தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அவன் வலையில் ஒரு நீல மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

"நிமிராத தம்பி" என்றாள் அக்கா. "அந்தப் பாறைக்கு அடியில இன்னும் இருக்கு பாரு."