ஒரே அம்மனிடம் இரண்டு நேர்த்தி

போன வாரம் ரிசல்ட் வந்தது. பாசிட்டிவ்!

நான் அப்படியே ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி லெட்சுமியோ, "தாயே, காப்பாத்திட்ட!" என்று கையெடுத்துக் கும்பிடுகிறாள். இவளுக்கு என்ன ஆச்சு?

அவள் மார்பிலிருந்து கட்டியை எடுத்தார்கள். புற்றுநோய். 'வளர்' என்கிற செய்தியை வாங்கும் ரிசெப்டர்கள் உடம்பின் நுண்ணிய கலங்களின் மேல் இருக்கின்றனவாம். சில கட்டிகளில் அவற்றில் ஒருவகை அளவுக்கு மிஞ்சி இருக்கும். சாயம் போட்டால் கலத்தின் ஓரம் பழுப்பாகத் தெரியுமாம்; அதுதான் பாசிட்டிவ்.

"கூடுதலா இருந்தா கட்டி வேகமா வளரும்" என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்கத் தைரியமில்லை... எழுந்து வெளியே வந்துவிட்டேன். மாத்தளைக்கு வந்ததும் அம்மன் கோயிலில் நேர்ந்துகொண்டேன் — அது இருக்கக் கூடாது தாயே, மொட்டை போடுகிறேன்!

லெட்சுமி மீதியையும் கேட்டிருக்கிறாள். அந்த ரிசெப்டரையே தேடிப் பிடிக்கிற மருந்து வந்திருக்கிறது. அது கூடுதலாக இல்லாத கட்டிக்கு அந்த மருந்து உதவாது. இவளும் அதே அம்மனிடம் போய் — அது இருக்கணும் தாயே, முடி தாரேன்!

அம்மன் பாடு என்ன பாடோ!

ஒருவர் நேர்த்தி மற்றவருக்குத் தெரியாமல், மெழுகில் பதித்த கட்டித் துண்டை டப்பியில் போட்டு இருவரும் கொழும்பு லேபுக்குக் கொண்டுபோனோம். இந்த யுத்தக் காலத்தில் கொழும்புப் பயணம் லேசா? செக்பொயின்டில் இறக்கி, பையைத் திறக்கச் சொன்னார்கள். ஆமிக்காரர் டப்பியைக் காட்டி, என்ன இது என்று சிங்களத்தில் கேட்டார். "என் உடம்பு, சார்" என்றாள் லெட்சுமி, அதே சிங்களத்தில். அவர் டப்பியை மூடிக் கொடுத்துவிட்டார்.

ரிசல்ட் வந்த அன்று, அந்த ஆஸ்பத்திரி வாங்கில் வைத்துத்தான் எல்லாம் சொன்னாள்.

"ஏன் புள்ள, முன்னாடியே சொல்லல?"

"நீங்கதான் பேயறைஞ்ச மாதிரி இருந்தீங்களே... எப்படிங்க சொல்றது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

டாக்டர் கூப்பிட்டார். "கீமோவும் குடுக்கணும். முடி கொட்டிப்போகும்மா."

இடுப்பைத் தொடும் கூந்தல் அவளுக்கு. ஒரு கணம் அதைத் தடவிப் பார்த்தாள். வெளியே வந்ததும், "வெள்ளிக்கிழமையே கோயிலுக்குப் போயிருவோங்க. கொட்டுறதுக்கு முந்தி நானே குடுத்திடுறேன்" என்றாள்.

போனோம். என் நேர்த்திதான் பலிக்கவில்லையே, நான் தலையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஐயாவுக்கு என்ன நேர்த்தி?" என்றார் முடி எடுப்பவர்.

"கேட்டதைக் குடுக்காம விட்டாளே... அதுக்கு!"