மூன்று நட்சத்திரச் சத்தம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்குக் கிடைத்த பரிசு, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சம்பளமில்லாத குமாஸ்தா வேலை. கரண்ட் பில்லில் பெயர் மாற்ற வேண்டுமா, ரேஷன் அட்டையில் மருமகளைச் சேர்க்க வேண்டுமா, ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து முடிச்சூரில் எங்கள் வீட்டுக்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். வாரம் முழுக்க நான் போனில் வாடிக்கையாளர்களிடம் வசவு வாங்குகிறவள். திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஒவ்வோர் அழைப்பையும் அளந்துகொண்டிருக்கும்.

ஞாயிறு மதியம் ஒரு மணி நேரம் மட்டும் என்னுடையது. என் சம்பளத்தில் வாங்கிய லேப்டாப்பில் ஒரு விளையாட்டு. முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்கு வந்திருந்தேன். முன்பு விரட்டிய டிராகன் திரும்பி வந்து ராஜ்யத்தின் பாலங்களை எரித்துவிட்டது. மரம் வெட்டவும் கல் உடைக்கவும் பாதையைச் சரிசெய்யவும் குள்ளர்களை அனுப்ப வேண்டும். கடிகாரத்தோடும் ஆடலாம், இல்லாமலும் ஆடலாம். நான் அதை நிறுத்திவிட்டுத்தான் ஆடுவேன். சாப்பாடு கொடுக்காமல் ஒரு குள்ளனைக்கூட வேலைக்கு அனுப்ப முடியாது என்பது அதில் விதி. என் சொந்தக்காரர்களுக்கு அந்த விதி தெரியாது.

அந்த ஒரு மணி நேரத்துக்குக் காவல் இருந்தவள் அம்மா. காதில் இயர்போன், கையில் மவுஸ், முகத்தில் கவனம். ஆபீஸ் வேலை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்துவாள். எனக்கு டீ கொண்டுவந்து சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போவாள். அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

இயர்போன் பழுதான வாரத்தில் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா, பம்மலில் இருக்கிறாள். நான் கல்லூரியில் சேர்ந்தபோது, "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் காலேஜு" என்று கேட்டவள். இப்போது தன் தெருக்காரர்களின் காகிதங்களை எல்லாம் ஒரு கட்டைப் பையில் சுமந்து வந்திருந்தாள்.

"உள்ள ஆபீஸ் வேல நடக்குது அண்ணி, செத்த உக்காருங்க" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கெழமகூட இன்னா ஆபீஸு? கலெக்டரா அவ?"

அந்த நேரம் பார்த்துக் கடைசிப் பாலம் முடிந்தது. மூன்று நட்சத்திரங்கள் டிங் டிங் டிங் என்று விழ, குள்ளர்கள் கூச்சலிட்டார்கள். அத்தை நாள் முழுக்கப் போனில் மிட்டாய்களை வரிசை சேர்க்கும் கேம் ஆடுகிறவள். அவளுக்கா அந்தச் சத்தம் தெரியாது?

"அடிப்பாவி, கேமு!" பையோடு உள்ளே வந்து நின்றாள். "உம் பொண்ணு ஸ்டாரு வாங்கிகினு கீறா. நீ இன்னாடான்னா வாசல்ல வாட்ச்மேன் வேல பாத்துகினு கீற."

அம்மா திரையைப் பார்த்தாள். ஒரு குள்ளன் தொப்பியை வீசிப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தான்.

"வாரா வாரம் இதானா?"

"ஆமா."

"நான் டீ போட்டுக் குடுத்தேனே."

நான் மவுஸைக் கீழே வைத்தேன். அத்தை விடவில்லை. "இந்தக் குட்டி மனுசனுக்குப் பாலம் கட்ட நேரம் கீது, எங்க தெரு ஜனத்துக்கு இல்லியா? எங்க வூட்டுப் பொண்ணு செய்யும்னு வாக்குக் குடுத்துட்டு வந்துகீறேன்டி."

"வாக்குக் குடுத்தவங்களே செய்ங்க அத்தை. தாம்பரத்துல பிரவுசிங் சென்டர் நிறைய இருக்கு."

"படிச்ச திமிரு."

"ஆமா. கஷ்டப்பட்டுப் படிச்ச திமிரு."

மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் கோபித்துக்கொண்டு போனாள். பையையும் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு லேப்டாப்பைத் திறந்ததும் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "சும்மாதான உக்காந்துகினு கீற, போய் கறிவேப்பில வாங்கினு வா."

அந்த நேரத்தில் அம்மா என்னை வேலை ஏவியது அதுதான் முதல் தடவை. எழுந்து போயிருந்தால் அந்த ஒரு மணி நேரம் அன்றோடு போயிருக்கும்.

"கேம் ஆடுறேம்மா. முடிச்சிட்டுப் போறேன்."

அவள் பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். கறிவேப்பிலை இல்லாமலே ரசத்தைத் தாளித்தாள்.

இப்போது யார் வந்தாலும், "கேம் ஆடினு கீறா, நீயே போய்க் கேளு" என்று உள்ளே அனுப்பிவிடுகிறாள். அவர்களை நானே திருப்பி அனுப்புகிறேன். டீயும் நானே போட்டுக்கொள்கிறேன். அவளுக்கும் சேர்த்துப் போட்டு வைக்கிற டம்ளர் ஆடை படிந்து அப்படியே இருக்கிறது. புது இயர்போன் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மாட்டுவதில்லை.