பத்து மணி நெருப்பு

நான் ஏழாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனாலும் கடல் தாண்டி வந்து, இந்த ஈஸ்ட் டாமாக்கியில் நான் நடத்தும் பட்டறையில் பதினாலு பேர் வேலை செய்கிறார்கள். சரக்கு அடுக்கும் மரப் பலட்டுகளில் உடைந்தவற்றைப் பிரித்து, ஆணி அடித்து, புதிதுபோல் ஆக்கி அனுப்புகிறோம். ஒரு பலட்டைக் காலால் தட்டினாலே எந்தப் பலகை இற்றுப்போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். பட்டம் வாங்கிய என் மனேஜருக்கு அது இன்னும் கைவரவில்லை.

சிகரெட்டை மட்டும் என்னால் விட முடியவில்லை. டொக்டர் என் நெஞ்சுப் படத்தைக் காட்டிப் பேசிய அன்று, கார் பார்க்கில் வைத்து மகள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். இங்கே பிறந்தவள். தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் வரும்.

"ப்ராமிஸ் மீ, அப்பா. நோ மோர் சிகரெட்ஸ்."

தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கும் வித்தையைத் தாயிடம் பழகியிருப்பாள். "ஓம் பிள்ளை, இனித் தொடமாட்டன்" என்றேன். சத்தியம் தவறினால் அது அவள் தலையில்தான் விடியும் என்று நம்புகிறவன் நான். மறுநாளே அதற்குப் பதிலாக வேப் என்கிற மின் சிகரெட் வாங்கிவிட்டேன்.

என்னிடம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் மதுரைக்காரர். இருபது வருடமாகப் பத்து மணித் தேநீருக்கு நாங்கள் இருவரும் பின்கதவில் நிற்போம். அங்கே காற்றுக்கு லைட்டர் நிற்காது. கதவுக்குள் நின்று ஒருவர் எப்படியாவது பற்றவைத்துக்கொண்டு வருவார். மற்றவர் குனிந்து அந்த நுனியில் தன் சிகரெட்டை வைத்து இழுப்பார். முதலாளியாவது தொழிலாளியாவது, நெற்றியோடு நெற்றி முட்டும்.

வேப்போடு போன முதல் நாள், இழுத்து முடித்த பழக்கத்தில் அதைக் கீழே போட்டுப் பூட்ஸால் ஒரு திருகுத் திருகினேன்.

"அய்யய்யோ அண்ணே, அது பேட்டரி! வெடிச்சா காலே போயிடும்" என்று குதித்தார்.

"விடும் ஐசே, பழக்கதோஷம்."

இரண்டு பேரும் இருமி இருமிச் சிரித்தோம். இன்னொன்று வாங்கினேன். ஆனால் அதற்கு நெருப்பு வேண்டாம். அவர் பற்றவைத்துக்கொண்டு வருவார், நான் என்பாட்டில் பொத்தானை அமுக்குவேன். பக்கத்தில்தான் நின்றோம், குனிய ஒரு காரணம் இல்லாமல் போயிற்று.

ஒரு மழை நாள், அவர் பெட்டியை நீட்டியபோது என் கை தானாகவே ஒன்றை உருவியது. வாயில் வைத்துக் குனிந்துவிட்டேன். அவருடைய சிகரெட் நுனி கண்ணுக்கு முன்னால் சிவந்தது. அந்த வாசம்! உடம்பெல்லாம் வாயாகிவிட்டதுபோல் இருந்தது. தொடுவதற்குள் அவர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, பொண்ணு தலையில கை வெச்சிருக்கீங்க."

என் உதட்டிலிருந்து அதைப் பிடுங்கித் தன் காதில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாளிலிருந்து அவர் கன்டெய்னர் இறக்கும் பக்கம் போய் நின்றார்.

"ஏன் ஐசே அங்க போய் நிக்கிறீர்? இஞ்ச வாருமன்."

"நீங்க அங்கயே இருங்கண்ணே. என் கையும் சும்மா இருக்காது, உங்க கையும் சும்மா இருக்காது."

பதினாலு பேரை ஏவுகிற நான் பின்கதவில் தனியே நின்று பொத்தானை அமுக்கினேன்.

சத்தியம் செய்து இது ஏழாவது மாதம். ஒன்றுகூடத் தொடவில்லை. வேறு யாராவது என் வயதில் செய்து காட்டட்டும் பார்ப்போம். மகள் தன் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறாள்.

சில நாள் காற்று திரும்பி, அவருடைய புகை கட்டட மூலையைத் தாண்டி என்னிடம் வரும். வேப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அது கரைந்து போகிறவரைக்கும் மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பேன். மகளுக்கு இதைச் சொல்லவில்லை.