ரைட்டு என்றால் வலது இல்லை

அந்த ஞாயிறு மதியம் ஆன்லைன் கடற்போர் விளையாட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஜெர்மனியில் நான், இரண்டு தெரு தள்ளி மார்ட்டின், மறைமலைநகரில் என் கல்லூரித் தோழன் பாபு. வழக்கமாக வரும் தினேஷ் இல்லை, அவனுக்கு ஷிப்ட். அவன் இடத்துக்குத்தான் என்னோடு வேலை செய்யும் மார்ட்டினைக் கூப்பிட்டிருந்தேன். இந்த ஊரில் இரண்டு தெரு என்பது வெகு தூரம். நாளும் மணியும் குறித்து அழைக்காமல் யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. நான் வந்த எட்டு மாதத்தில் என்னை யாரும் அழைத்ததில்லை. வேலையைத் தாண்டி என்னிடம் பேசிய ஒரே ஆள் மார்ட்டின். அவரையும் இழந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடுதான் ஹெட்போனை மாட்டினேன்.

எனக்கு எப்போதும் டார்பிடோ படகுதான். சின்னது, வேகமானது, நாலு குண்டு பட்டால் முடிந்தது. முன்னால் ஓடி, எதிரி எங்கே என்று பார்த்துச் சொல்லி, டார்பிடோவை விட்டுவிட்டுப் புகைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும். மார்ட்டினிடம் பெரிய கப்பல். நான் மூன்று டார்பிடோக்களை விட்ட நேரத்தில், “நேரே போகட்டுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். “ரைட்டு, ரைட்டு” என்றேன். அவர் வலப்பக்கம் திருப்பினார். என் மூன்றும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தன.

“இன்னா மச்சான், நம்மாளையே கவுத்துட்ட. எதிரிக்கு வேலையே வெக்கல,” என்றான் பாபு.

நான் நான்கு முறை ஸாரி சொன்னேன். “வலது என்று நீதானே சொன்னாய்?” என்றார் மார்ட்டின். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸைப் பற்றி அவருக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. கண்டக்டர் ‘ரைட்டு’ என்றால் டிரைவர் வண்டியை எடுப்பார், திருப்ப மாட்டார். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். மற்ற ஆங்கிலத்தையெல்லாம் புத்தகத்தில் படித்தேன். இந்த ஒரு சொல்லை அந்தப் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கற்றேன்.

“அப்படியென்றால் வலதுக்கு என்ன சொல்வீர்கள்?” என்றார் மார்ட்டின்.

“சோத்தாங்கை பக்கம்,” பாபு முந்திக்கொண்டான். “துன்ற கை, பிரதர்.” மொழிபெயர்த்தேன்.

“நான் முள்கரண்டியை இடது கையில்தானே பிடிப்பேன்?”

“அப்ப இன்னொரு கப்பல் ரெடி பண்ணிக்கச் சொல்லு, மச்சான்.”

அதையும் மொழிபெயர்த்தேன். மார்ட்டினின் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு, “சனிக்கிழமை, மாலை ஆறு மணி, என் வீடு” என்றார்.

போனேன். அவித்த உருளைக்கிழங்கும் மீனும் வைத்தார். எனக்காக அவர் வலது கையால் பிசைந்து, மேசையெல்லாம் சிந்தினார். அவருக்காக நான் முள்கரண்டி பிடித்து, இடது கையால் மீனை வாய்க்குக் கொண்டுபோனேன். அம்மா பார்த்திருந்தால் அந்தக் கையில் ஒன்று போட்டிருப்பார். என் சோத்தாங்கை கத்தியைப் பிடித்தபடி காத்துக்கொண்டிருந்தது. அந்த மேசைக்கு வந்து சேர எங்களுக்கு ஆன மொத்தச் செலவு: மூன்று டார்பிடோ, ஒரு கப்பல்.