அம்மா கேட்ட பூ

எங்கள் தோப்பு இருந்த இடத்தில் இப்போது பேட்டரிகள் நிற்கின்றன. லாரிப் பெட்டி அளவில், வெள்ளை வெள்ளையாக, வரிசையாக. காற்றாலையும் சோலாரும் தருகிற மின்சாரத்தை வாங்கி வைத்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்குமாம். ‘கொடுக்குமாம்’ என்ன, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் நான் நடத்துகிற பாடமே இதுதான். மூடிப்போன மின் நிலையத்தின் இடம் இதற்கு ரொம்ப வாகானது. லைன் தயார், ரோடு தயார், புதிதாக யாருடைய நிலத்தையும் பிடுங்க வேண்டியதில்லை. அந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது மட்டும் எனக்கு எரிச்சல் வரும்.

முதல் தடவை பிடுங்கியது எங்களுடையதைத்தான். உடுமலைப் பக்கம், எண்ணெயில் ஓடும் மின் நிலையம் கட்டுவதற்கு எங்கள் தென்னந்தோப்பை எடுத்தார்கள். நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்றார்கள். அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டதால் முடிவு அம்மா கையில். நான் படித்துக்கொண்டிருந்தேன், அண்ணனைப் போகச் சொன்னாள். அவனுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. பொள்ளாச்சியில் தேங்காய் வியாபாரம் பழகுகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தான். மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு வியாபாரம் என்ன வியாபாரம் என்று வாயை அடைத்துவிட்டாள். அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், நிலையத்தில் மின்சாரத்தை லைனில் ஏற்றுகிற ஸ்விட்ச்யார்டில் மின்சாரம் தாக்கி இறந்தான்.

கல்யாணமாகாமல் போனவன் வீட்டுக்குச் சாமி என்பதால், அவன் விழுந்த இடத்தருகே மதிலோரமாக ஒரு கல் நட்டு அம்மா கும்பிட ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை. வேலைக்கு வருகிறவர்களும் போகிற போக்கில் அதற்கு ஒரு பூ வைத்தார்கள். அமாவாசை தவறாமல் அம்மா வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சோறு படைப்பாள். எண்ணெய் விலை கட்டுப்படியாகாமல் நிலையத்தை மூடி, எல்லாம் துருப்பிடித்துக் கிடந்த காலத்திலும் அவள் போவது நிற்கவில்லை.

பிறகு பேட்டரிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய இன்ஜினியர் வீடு தேடி வந்து, அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நிலத்தைச் சமப்படுத்துவதற்குள் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், வண்டியும் ஆளும் நானே தருகிறேன் என்றார். தங்கமான மனிதர். எனக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

அங்கிருந்து ஒரு பிடி மண்ணும் கல்லும் கொண்டுவந்து நம் வீட்டு வேப்பமரத்தடியில் வைத்துவிடலாம் என்றேன். அம்மா, சாமியிடம் பூ கேட்காமல் முடியாது என்றாள். எங்கள் பக்கம் எதற்கும் பூ கேட்பதுதான் வழக்கம். பூசாரி சாமியின் இரண்டு பக்கமும் பூவை ஒட்டி வைப்பார். நாம் மனதுக்குள் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். வலப்பக்கப் பூ விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் ஆகாது. பூசாரியை அந்தக் கல்லுக்கே கூட்டிப்போனோம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் கழித்து விழுந்தது இடப்பக்கத்துப் பூ.

“அவன் வரமாட்டான் கண்ணு. உட்டுப்போடு” என்றாள்.

ஈரம் காய்ந்தால் எந்தப் பூவும் விழத்தான் செய்யும் என்று கத்தினேன். நான் போய்த் தூக்கி வருகிறேன் என்றதற்கு, தொட்டால் என் மூஞ்சியில் முழிக்காதே என்றுவிட்டாள். இன்ஜினியர் சொன்ன தேதிக்கு மேலும் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் போன் செய்தபோது, உங்கள் வேலையைப் பாருங்கள் சார் என்று சொல்லிவிட்டேன்.

திறப்பு விழாவுக்கு நிலம் கொடுத்த குடும்பங்களையும் அழைத்திருந்தார்கள். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மதில் இருந்த இடமெல்லாம் கான்கிரீட் தளம். “ஏனுங்க, அந்தக் கல்லு இங்கதானுங்களே இருந்துச்சு?” என்று இன்ஜினியரிடம் கேட்டாள். இடித்த மதிலோடு சேர்ந்து அதுவும் தளத்துக்கு அடியில் போய்விட்டது என்று அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். அம்மா குனிந்து அந்தத் தளத்தைக் கையால் தடவிப் பார்த்தாள். வெயிலில் அது சுட்டிருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை. நான்தான் பிடித்துத் தூக்கினேன்.

திரும்பும் வழியில் காரில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அந்தப் பூவை நம்பி அண்ணனைத் தொலைத்துவிட்டாயே அம்மா என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அவள் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

“நான் வாரயான்னு கேக்கலை கண்ணு. அந்த வேலைக்கு அனுப்புனதுக்கு என்னைய மன்னிச்சுட்டயான்னு கேட்டேன்.”

காரை ஓரமாக நிறுத்தினேன். அழுகை வந்தது.

“இல்லைன்னு சொன்னவனை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஊட்டுக்குக் கூப்புடறது?” என்றாள்.