மறுப்புக்கு வந்த நோட்டீஸ்

மேல்பட்டாம்பாக்கத்தில் அருள்மொழி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. அரசுப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர். கோபக்காரர் என்று பெயர். ஆனால் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பிறகு அவருக்கு வந்த கோபம் வேறு மாதிரியானது.

கீரப்பாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருக்கு வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் பணி. விடியற்காலையில் கட்சி ஏஜெண்டுகள் முன்னிலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்தியபோது இயந்திரம் பழுதானது. மண்டல அலுவலர் ஜீப்பில் மாற்று இயந்திரம் கொண்டுவந்தார். ஏஜெண்டுகள் எல்லோரும் பார்த்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். பழுதானதை டீச்சரே தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் வைத்தார். அதற்குப் பிறகுதான் முதல் ஓட்டே விழுந்தது.

யாரோ சுவருக்கு வெளியே நின்று அதை வீடியோ எடுத்துவிட்டான். ‘ஓட்டு மெஷினைக் கடத்தும் டீச்சர்’ என்ற தலைப்போடு அன்று மாலைக்குள் அது மாவட்டம் முழுக்கச் சுற்றியது. டீச்சரின் கணவர் இளவரசுவுக்கு அதை அனுப்பியவர் அவருடைய சொந்த அண்ணன்.

பொய்ச் செய்திகளைக் கவனிப்பதற்கென்று கடலூரில் ஓர் அலுவலகம் போட்டிருந்தார்கள். டீச்சர் போன் செய்தார். நீங்கள் யாரிடமும் பேசாதீர்கள், அரசே மறுப்பு வெளியிடும் என்றார்கள். மறுப்பு வருவதற்குள் ஊரே வீடியோவைப் பார்த்து முடித்திருந்தது. வந்த மறுப்பும் எப்படி? அதே படம். டீச்சர் முகத்தின் மேல் ‘பொய்’ என்று சிவப்பில் ஒரு முத்திரை. நடந்தது என்னவென்று ஒரு வரி இல்லை. டீச்சரைத்தான் அரசாங்கம் பொய்க்காரி என்கிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

மறுநாள் அவர் பஸ் ஏறிக் கடலூருக்குப் போனார். அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். மறுப்புப் போட்டாயிற்று, இனிமேல் தானாக அடங்கிவிடும் என்றார்.

“ஓட்டுப் போடுங்கன்னு தெருத்தெருவா ஆட்டோவுல மைக் கட்டிப் போனீங்களே சார், இதுக்கும் ஒரு ஆட்டோ அனுப்புங்க” என்றார் டீச்சர்.

“அதுக்கெல்லாம் உத்தரவு இல்ல மேடம்.”

“பொய் சொல்றவனுக்கு யாரு சார் உத்தரவு குடுத்தா?”

டீச்சர் அங்கிருந்து நேராகக் கீரப்பாளையம் போனார். அன்று கையெழுத்துப் போட்ட ஏஜெண்டுகளில் ஒருவரான ராஜமாணிக்கத்தைத் தேடிப் பிடித்தார். வீடியோ வந்ததிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. கட்சியில் என்ன சொல்வார்களோ என்று இழுத்தார். டீச்சர் வாசலை விட்டு நகரவில்லை.

“நீங்க கண்ணால பாத்தீங்க. பாத்தத மட்டும் சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் வேணாம்.”

கடைசியில் அவர் சொன்னார். டீச்சர் அதைத் தன் போனில் பதிவு செய்து அலுவலகத்துக்கு அனுப்பினார். கட்சிக்காரர் பேசுவதைத் தாங்கள் வெளியிட முடியாது என்று பதில் வந்தது. டீச்சரே அதைச் சமூக வலைதளத்தில் வெளியிட்டார். பள்ளியின் பெற்றோர் குழுவிலும் போட்டார். அதன் பிறகுதான் ஊரில் பேச்சு குறைந்தது. இளவரசுவின் அண்ணன் மட்டும் அதைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

வீடியோ எடுத்தவன் யாரென்று கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனால் டீச்சருக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. தேர்தல் பணியில் இருந்தவர் அனுமதியின்றிச் சமூக வலைதளத்தில் பதிவிட்டது ஏன்? பதிவை நீக்கி, வருத்தம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடச் சொல்லித் தலைமையாசிரியர் கெஞ்சினார். டீச்சர் நீக்கவில்லை. நீங்கள் செய்யவேண்டியதை நான் செய்தேன், அதற்கு வருத்தமில்லை என்று எழுதிக் கொடுத்தார். மாதக்கணக்கில் இழுத்தடித்து, எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள்.

சட்டமன்றத் தேர்தலுக்கும் டீச்சருக்குப் பணி வந்தது. உடம்பு சரியில்லையென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளச் சொன்னார் இளவரசு. டீச்சர் பயிற்சி வகுப்புக்குப் போனார். கடைசியில் சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். அவர் எழுந்தார்.

“எங்கள்ல ஒருத்தரப் பத்தி நாளைக்குப் பொய் வந்தா, அன்னிக்கே அந்த ஊருக்கு வந்து நடந்தத சொல்லப் போறது யாரு சார்? பேரு சொல்லுங்க.”

மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார் பயிற்சி அலுவலர். டீச்சர் உட்காரவில்லை. அந்த அலுவலர் பலகைப் பக்கம் திரும்பி, தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார்.