சர்க்கரை வணிகரின் பட்டியலும் எங்கள் மில் விடுதியும்

1. நான் வேலை செய்யும் ஆவணக் காப்பகத்தின் பெயர்ப்பலகையைச் சென்ற மாதம் துணியால் மூடினார்கள். இந்த ஆங்கிலேயத் துறைமுக நகரத்தில் தினமும் பெயரில்லாத கட்டடத்துக்குள் நுழைகிறேன்.

2. அந்தப் பெயருக்குரிய வணிகர் அடிமைகள் உழைத்த கரீபியக் கரும்புத் தோட்டத்தால் செல்வந்தரானவர்; அதனால்தான் மூடினார்கள். அவருடைய அடிமைகளின் பட்டியலைக் கணினியில் ஏற்றும் பணி எனக்கு வந்தது.

3. அதே வாரம் வெள்ளகோவிலிலிருந்து அப்பா அழைத்தார். எங்கள் நூல் மில்லின் பெண் தொழிலாளர்களுக்குக் கட்டிய புது விடுதிக்கு என் பெயரை வைக்கப்போகிறாராம்.

பட்டியலில் பெயர், வயது, வேலை என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் சில பெண்களுக்கு மட்டும் 'ஓடிப்போனவள்' என்று இருந்தது. அங்கே என் விரல்கள் நின்றுவிட்டன. உடன் வேலை செய்யும் மார்கரெட் தேநீர் கொண்டுவந்து வைத்தார். "உங்கள் நாட்டையும் நாங்கள்தானே சுரண்டினோம். இதைப் படிப்பது உங்களுக்கு எவ்வளவு வலிக்கும்!" என்றார். என்னைப் பட்டியலில் இருப்பவர்களின் பக்கம் நிறுத்திவிட்டார். நான் மறுக்கவில்லை.

சரவணம்பட்டியில் பொறியியல் படித்தபோது, மில்லின் பழைய விடுதிக்கு கேட் பாஸ் வழங்கும் கணினி நிரலை எழுதிக் கொடுத்தது நான்தான். பெயர், வயது, வேலை, வெளியே போகும் காரணம், முதலாளியின் ஒப்புதல். கடைசிக் கட்டம், 'திரும்பாதவர்'. ஒப்புதல் இல்லாமல் கடைவீதிக்குக்கூடப் போக முடியாது. ஒருமுறை என்னைவிட இளைய ஒருத்தி, "அம்மணி, அக்கா சீருக்குப் போகோணுங்க, கொஞ்சம் பட்டன அமுத்தி உடுங்க" என்று கெஞ்சினாள். கணினி ஏற்காது என்றேன். ஏற்காதபடி எழுதியவளே நான்தான்.

எங்கள் பெண்கள் விலைக்கு வாங்கப்பட்டவர்கள் அல்லர்; சம்பளம் பெறுகிறார்கள். இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கடைசிக் கட்டம் ஒன்றுதான்.

அந்தக் கட்டங்களை எடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன்.

"ஏங் கண்ணு, அவங்கப்பனாத்தா நம்மள நம்பித்தானே உட்டுப்போட்டுப் போறாங்க? பத்தரமா வெச்சுக்க வேண்டாமா?"

"பத்தரத்துக்குப் பூட்டு எதுக்குங்கப்பா? ஞாயித்துக்கெழமையாச்சும் அவங்க இஷ்டத்துக்குப் போய்ட்டு வரட்டுங்க."

"அந்தூருத் தண்ணி ரெண்டு வருசம் குடிச்சதுக்கே அப்பனக் கேள்வி கேக்கறயா? உன்னய அங்க அனுப்புனதே இந்த மில்லுதான் அம்மணி."

அது உண்மை.

நிரலை மாற்றி எழுதி அனுப்பினேன். புதியதில் ஒப்புதல் கட்டமும் இல்லை, கடைசிக் கட்டமும் இல்லை. இதைப் போட்ட பிறகு என் பெயரை வையுங்கள், அதுவரை வேண்டாம் என்று எழுதினேன். விடுதிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெண்கள் குடிவந்துவிட்டார்கள். மில்லில் ஓடுவது இன்றும் என் பழைய நிரல்தான்.